ஏ.டி.எச்.டி. உள்ள பெரியவர்களும் மன ஆதரவு விலங்குகளும்

பொதுத் தகவல்

ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவு மிகை இயக்கக் கோளாறு உள்ள பெரியவர்கள் பலர், நாய், பூனை போன்ற வளர்ப்பு விலங்கின் துணை தங்கள் மனத்தை அமைதிப்படுத்துவதாகவும் நாளை ஒழுங்குபடுத்துவதாகவும் கூறுகின்றனர். இவ்வாறு மன ஆறுதலுக்காக வளர்க்கப்படும் விலங்கு 'மன ஆதரவு விலங்கு' என்று அழைக்கப்படுகிறது.

விலங்கின் துணை நன்மை தரக்கூடும். ஆனால் அது மருத்துவச் சிகிச்சைக்கு மாற்று ஆகாது. மேலும், ஒரு விலங்கைப் பராமரிக்க நினைவாற்றல், நேர ஒழுங்கு, பணத் திட்டமிடல், பொறுமை ஆகியவை தேவைப்படுகின்றன. ஏ.டி.எச்.டி. பாதிப்பதும் இதே திறன்களைத்தான். எனவே, முதலில் ஏற்பாடுகளைச் செய்துகொண்டு, அதன் பின்னரே விலங்கை வீட்டிற்குக் கொண்டுவருவது உங்களுக்கும் அந்த உயிருக்கும் நல்லது.

இப்பக்கம் ஏ.டி.எச்.டி. உள்ள பெரியவர்களுக்காகவும், அவர்களுடன் வாழும் குடும்பத்தினர் மற்றும் பராமரிப்பாளர்களுக்காகவும் எழுதப்பட்டுள்ளது.

பெரியவர்களில் ஏ.டி.எச்.டி.

ஏ.டி.எச்.டி. என்பது மூளை வளர்ச்சி சார்ந்த ஒரு நிலை. சோம்பலாலோ வளர்ப்புக் குறையாலோ இது ஏற்படுவதில்லை. அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்கும். ஆயினும் பலருக்குப் படிப்பு, வேலை, திருமணம் எனப் பொறுப்புகள் கூடிய பிறகே நோயறிதல் நடைபெறுகிறது. பெரியவர்களில் 100 பேருக்கு ஏறத்தாழ 2 முதல் 3 பேர் வரை இந்நிலையுடன் வாழ்வதாக மதிப்பிடப்பட்டுள்ளது.

பெரியவர்களிடம் பொதுவாகக் காணப்படும் சிரமங்கள்:

• தொடங்கிய வேலையை முடிக்க இயலாமை. எதை முதலில் செய்வது என்று தீர்மானிப்பதில் தடுமாற்றம்
• சாவி, கைப்பேசி, ஆவணங்கள் போன்றவற்றை அடிக்கடி தொலைத்தல்
• நேரம் கடந்து செல்வதை உணராமை. கட்டணத் தவணைகளையும் சந்திப்பு நேரங்களையும் மறத்தல்
• மனத்திற்குள் ஓயாத பரபரப்பு
• யோசிக்காமல் பொருள் வாங்குதல், வாக்குறுதி அளித்தல், குறுக்கிட்டுப் பேசுதல்
• எளிதில் சினம் அல்லது மனச்சோர்வு கொள்ளுதல், உறக்கக் குறைபாடு

மெத்தில்பெனிடேட், அடோமாக்செட்டின் போன்ற மருந்துகள், அறிதல் நடத்தைச் சிகிச்சை, அன்றாட வாழ்வை ஒழுங்கமைக்கும் பயிற்சி ஆகியவை இதற்கான முதன்மைச் சிகிச்சைகள். எந்த மருந்து, எந்த அளவு என்பதை மனநல மருத்துவர் மட்டுமே தீர்மானிக்க வேண்டும்.

மன ஆதரவு விலங்கு என்றால் என்ன?

மூன்று வகை விலங்குகள் பெரும்பாலும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளப்படுகின்றன. வேறுபாட்டை அறிந்திருப்பது அவசியம்.

மன ஆதரவு விலங்கு: உடனிருப்பதன் மூலமே ஆறுதல் தரும் வளர்ப்பு விலங்கு. இதற்குச் சிறப்புப் பயிற்சி தேவையில்லை. நாய், பூனை, முயல், பறவை என எதுவாகவும் இருக்கலாம்.

பயிற்சி பெற்ற உதவி நாய்: ஒருவரின் இயலாமையுடன் நேரடியாகத் தொடர்புடைய குறிப்பிட்ட செயலைச் செய்யப் பயிற்றுவிக்கப்பட்ட நாய். பார்வையற்றவருக்கு வழிகாட்டுவது இதற்கு நன்கறியப்பட்ட எடுத்துக்காட்டு. மனநலம் சார்ந்த நிலைகளிலும், மருந்து உட்கொள்ளும் நேரத்தை நினைவூட்டுதல் போன்ற செயல்களுக்கு நாய்கள் பயிற்றுவிக்கப்படுகின்றன.

சிகிச்சைத் துணை விலங்கு: பயிற்சி பெற்ற ஒருவரின் மேற்பார்வையில், மருத்துவமனை, பள்ளி போன்ற இடங்களுக்குப் பலருக்கும் உதவுவதற்காக அழைத்துச் செல்லப்படும் விலங்கு. இது உங்கள் வீட்டில் வாழ்வதில்லை.

'மன ஆதரவு விலங்கு' என்ற சொல் அமெரிக்காவின் வீட்டுவசதி மற்றும் விமானப் பயணச் சட்டங்களின் வழியாகவே பரவலாக அறியப்பட்டது. ஆகவே இணையத்தில் இது பற்றிக் கிடைக்கும் தகவல்களில் பெரும்பகுதி அந்நாட்டிற்கு உரியது. இச்சட்ட நிலை பின்னர் விளக்கப்படுகிறது.

விலங்கின் துணை எவ்வாறு உதவக்கூடும்?

நாளுக்கு ஒரு சட்டகம் கிடைக்கிறது. நாய்க்குக் காலையில் வெளியே செல்ல வேண்டும். பூனைக்குக் குறித்த நேரத்தில் உணவு வேண்டும். ஏ.டி.எச்.டி. உள்ளவருக்குத் தன் மனத்திற்குள்ளிருந்து எழும் நினைவூட்டலைவிட, வெளியிலிருந்து வரும் நினைவூட்டல் எளிதில் செயலாகிறது. கைப்பேசியின் ஒலியை நிறுத்திவிடலாம். வாசலில் வாலாட்டி நிற்கும் நாயை அவ்வாறு நிறுத்த இயலாது.

உடலுழைப்பு கூடுகிறது. நாயுடன் நாள்தோறும் நடப்பது உங்களுக்கும் உடற்பயிற்சியாகிறது. சீரான உடற்பயிற்சி மனநிலைக்கும் உறக்கத்திற்கும் நன்மை தரும்.

மனக்கொந்தளிப்பு தணியக்கூடும். சினமோ ஏமாற்றமோ பொங்கும் வேளையில் விலங்கைத் தடவிக்கொடுப்பது, உடனடியாகப் பேசியோ செயல்பட்டோ விடாமல் சில நிமிட இடைவெளியைத் தருகிறது.

குற்றம் காணாத துணை கிடைக்கிறது. 'பொறுப்பற்றவர்', 'மறதிக்காரர்' என்று பல ஆண்டுகள் கேட்டுப் பழகியவருக்கு, தன்னை எடைபோடாத ஓர் உயிரின் அருகாமை தன்மதிப்பை மீட்க உதவலாம். தனிமையும் குறையலாம், நாயுடன் நடப்பவரிடம் அண்டை வீட்டார் நின்று பேசுவதும் இயல்பாக நிகழ்கிறது.

ஆய்வுகள் கூறுவது என்ன?

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் 249 மாணவர்களிடம் நடத்தப்பட்டு 2019இல் வெளியான ஆய்வில், 10 நிமிடங்கள் நாய்களையும் பூனைகளையும் தடவி விளையாடியவர்களின் உமிழ்நீரில் கார்டிசால் எனும் மன அழுத்த இயக்குநீரின் அளவு குறைந்திருந்தது. இம்மாணவர்கள் ஏ.டி.எச்.டி. உள்ளவர்களாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அல்லர். அளவிடப்பட்டதும் உடனடி விளைவு மட்டுமே.

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில், ஏ.டி.எச்.டி. உள்ள 7 முதல் 9 வயதுக் குழந்தைகளிடம் ஓர் ஆய்வு நடைபெற்றது. ஒரு பிரிவினருக்கு வழக்கமான நடத்தைப் பயிற்சியும், மற்றொரு பிரிவினருக்குப் பயிற்சி பெற்ற நாய்களின் துணையுடன் அதே பயிற்சியும் அளிக்கப்பட்டன. இரு பிரிவினரிடமும் அறிகுறிகள் குறைந்தன. நாய்களின் துணை இருந்த பிரிவில் கவனக்குறைவும் சமூகப் பழக்கச் சிக்கல்களும் கூடுதலாகக் குறைந்தன. மிகை இயக்கத்திலும் யோசியாச் செயலிலும் இரு பிரிவினருக்கும் இடையே வேறுபாடு இல்லை.

இதிலிருந்து நீங்கள் அறிய வேண்டியவை இரண்டு. முதலாவது, அக்குழந்தைகளுக்கு நாய் மட்டும் அளிக்கப்படவில்லை. முறையான பயிற்சியுடன் நாயின் துணை சேர்க்கப்பட்டது. இரண்டாவது, அவர்கள் குழந்தைகள். வீட்டில் வளரும் விலங்கு பெரியவர்களின் ஏ.டி.எச்.டி. அறிகுறிகளைக் குறைக்கும் என்று உறுதிசெய்யும் அளவுக்கு வலுவான சான்று இதுவரை உருவாகவில்லை. எனவே 'ஆறுதல் தரக்கூடும்' என்ற எதிர்பார்ப்பு நியாயமானது. 'குணமாக்கும்' என்ற எதிர்பார்ப்பு நியாயமானதன்று.

துணை சுமையாக மாறும் நிலைகள்

• வேகத்தில் எடுக்கும் முடிவு. யோசியாமல் வாங்கும் இயல்பு ஏ.டி.எச்.டி.யின் அறிகுறிகளுள் ஒன்று. விற்பனைக் கடையில் கண்ட குட்டியின் மீது எழும் பாசம் உண்மையானதே. ஆனால் நாய் 10 ஆண்டுகளுக்கு மேலும், பூனை பெரும்பாலும் அதைவிடக் கூடுதலாகவும் வாழக்கூடும்.
• புதுமை தீர்ந்த பின் வரும் சலிப்பு. முதல் சில வாரங்களில் ஆர்வம் பொங்கும். அதன் பிறகும் கழிவை அகற்றும் வேலை நாள்தோறும் இருக்கும்.
• உறக்கக் கெடுதி. நாய்க்குட்டிகள் இரவில் பலமுறை எழுப்பும். உறக்கம் குறைந்தால் கவனக்குறைவும் எரிச்சலும் கூடும்.
• ஒலியும் குறுக்கீடும். குரைப்பு ஒலி, சிதறும் உரோமம், வேலை நேரத்தில் மேசை மீது ஏறும் பூனை ஆகியவை சிலருக்குக் கவனத்தை மேலும் சிதைக்கும்.
• செலவு. உணவு, தடுப்பூசி, குடற்புழு நீக்கம், கருத்தடை அறுவை, எதிர்பாராத மருத்துவம், வெளியூர் செல்லும்போது பராமரிப்பு எனச் செலவுகள் தொடரும்.
• குற்ற உணர்வு. உணவு வைக்க மறந்த நாளில் விலங்கு துன்புறும். உங்கள் மனமும் துன்புறும். ஆறுதலுக்காக வந்த உயிரே 'இதையும் என்னால் செய்ய முடியவில்லை' என்ற எண்ணத்திற்குக் காரணமாகிவிடக் கூடாது.

தீர்மானிக்கும் முன் செய்ய வேண்டியவை

1. காத்திருங்கள். விலங்கு வளர்க்கும் எண்ணம் தோன்றிய நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். குறைந்தது 30 நாள்களுக்குப் பின்னரே முடிவெடுங்கள்.

2. ஒத்திகை பாருங்கள். நாய் வளர்க்க எண்ணினால், 4 வாரங்கள் நாள்தோறும் காலையும் மாலையும் ஒரே நேரத்தில் அரை மணி நேரம் நடந்து பாருங்கள். மழை நாளிலும் விடுமுறை நாளிலும் தவறாதீர்கள். எத்தனை நாள் தவறியது என்பதை நாள்காட்டியில் குறியுங்கள். அடிக்கடி தவறினால், அது உங்கள் தகுதிக் குறைவு அன்று. வேறு வகை விலங்கோ கூடுதல் உதவியோ தேவை என்பதற்கான குறிப்பு.

3. விலங்குடன் பழகிப் பாருங்கள். நண்பர் அல்லது உறவினர் வெளியூர் செல்லும்போது அவர்களுடைய விலங்கைச் சில நாள்கள் கவனித்துக்கொள்ளலாம். விலங்கு நலக் காப்பகத்தில் தொண்டாற்றலாம். சிலருக்கு வாரம் ஒருமுறை இவ்வாறு பழகுவதே போதுமான ஆறுதலைத் தருகிறது.

4. வீட்டில் உள்ள அனைவரையும் கேளுங்கள். ஒவ்வாமை, ஆஸ்துமா, விலங்குகள் மீதான அச்சம் உள்ளவர்கள், கைக்குழந்தைகள், முதியோர் ஆகியோரின் நிலையைக் கருதுங்கள். வாடகை வீடாயின் உரிமையாளரின் ஒப்புதலை எழுத்தில் பெறுங்கள்.

5. மாற்றுப் பொறுப்பாளரை முடிவு செய்யுங்கள். நீங்கள் நோயுற்றால், வேலை மாறினால், வெளியூர் சென்றால் விலங்கை யார் கவனிப்பார்? பெயரைச் சொல்ல இயலாத நிலையில் விலங்கை வாங்காதீர்கள்.

6. உங்கள் மருத்துவருடன் பேசுங்கள். சிகிச்சை தொடங்கிய புதிதில், அல்லது மருந்தின் அளவு மாறும் காலத்தில், புதிய பொறுப்பை ஏற்பதைத் தள்ளிப்போடுவது நல்லது.

எந்த விலங்கு ஏற்றது?

நாய்: அன்பும் ஒழுங்கும் மிகுதியாகத் தரும், உழைப்பையும் மிகுதியாகக் கேட்கும். குட்டியைவிட, இயல்பு ஏற்கெனவே தெரிந்த வளர்ந்த நாயைக் காப்பகத்திலிருந்து தத்தெடுப்பது பலருக்கு எளிதாக அமைகிறது. நம் வெப்பநிலையைத் தாங்கும் நாட்டு நாய்கள் நல்ல தேர்வு. அடர்ந்த உரோமம் கொண்ட குளிர்நாட்டு இனங்கள் வெயிலில் துன்புறும். சிப்பிப்பாறை போன்ற ஓட்ட இன நாய்களுக்கு ஓடுவதற்கு இடம் வேண்டும். சிறிய அடுக்குமாடி வீட்டிற்கு அவை பொருந்துவது கடினம்.

பூனை: வெளியே அழைத்துச் செல்ல வேண்டியதில்லை, சில மணி நேரம் தனித்திருக்கும். கழிவு மணல் தட்டை நாள்தோறும் தூய்மை செய்ய வேண்டும்.

மீன்: தொட்டியைப் பார்த்திருப்பது சிலருக்கு அமைதி தரும். உணவிட்டதை மறந்து மீண்டும் உணவிடுவதே இங்குப் பொதுவான தவறு. மிகுந்த உணவு நீரைக் கெடுத்து மீன்களைக் கொல்லும்.

முயல், பறவைகள்: இவற்றிற்கும் நாள்தோறும் தூய்மையும் போதிய இடமும் தேவை. பச்சைக்கிளி உள்ளிட்ட நம் நாட்டுக் கிளிகளை வீட்டில் வளர்ப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

அன்றாட ஏற்பாடுகள்

நினைவாற்றலை நம்பாமல், வீட்டின் அமைப்பே உங்களுக்கு நினைவூட்டுமாறு செய்யுங்கள்.

• உணவு வைத்ததும் திருப்பி வைக்கும் அட்டை ஒன்றைக் கிண்ணத்திற்கு மேல் தொங்கவிடுங்கள். ஒருபுறம் 'இன்னும் இல்லை', மறுபுறம் 'வைத்தாயிற்று' என்று எழுதுங்கள். உணவு விடுபடுவதையும் இருமுறை வைப்பதையும் இது தடுக்கும்.
• ஒரு வாரத்திற்கான உலர் உணவை ஞாயிற்றுக்கிழமையன்றே ஏழு டப்பாக்களில் அளந்து வையுங்கள்.
• கழுத்துப்பட்டை, நடைக் கயிறு, கழிவுப் பை, வீட்டுச் சாவி ஆகிய நான்கையும் வாசலருகே ஒரே கொக்கியில் மாட்டுங்கள்.
• கைப்பேசி நினைவூட்டலில் 'நாய்' என்று மட்டும் எழுதாமல், 'தண்ணீர்க் கிண்ணத்தைக் கழுவி நிரப்பு' என்று செயலைக் குறிப்பிடுங்கள்.
• ஏற்கெனவே உள்ள பழக்கத்துடன் புதிய பழக்கத்தை இணையுங்கள். காலைக் காபிக்குப் பால் காயும் நேரத்தில் பூனையின் தட்டைத் தூய்மை செய்யலாம். நாய்க்கு உணவு வைத்ததும் உங்கள் மாத்திரையை உட்கொள்ளலாம்.
• அடுத்த தடுப்பூசி நாளைக் கால்நடை மருத்துவமனையிலேயே கைப்பேசியில் பதிவு செய்துவிட்டுப் புறப்படுங்கள்.
• கோடையில் நண்பகலில் நாயை நடத்திச் செல்லாதீர்கள். சூடேறிய தார்ச்சாலை அதன் பாதங்களைச் சுட்டுவிடும்.

மருந்துகளும் பாதுகாப்பும்

உங்கள் மருந்துகளைப் பூட்டி வையுங்கள். ஏ.டி.எச்.டி.க்கான ஊக்க மருந்துகள் நாய், பூனைகளுக்கு நஞ்சாகும். ஓரிரு மாத்திரைகளே உயிருக்கு ஆபத்தை விளைவிக்கலாம். மறந்துவிடுவோம் என்று மேசை மீதும் படுக்கை அருகிலும் மாத்திரைகளைக் கண்ணில் படும்படி வைக்கும் பழக்கம் உள்ளவர்கள் இதில் தனிக் கவனம் கொள்ள வேண்டும். மாத்திரையை உட்கொண்ட விலங்கிடம் அமைதியின்மை, நடுக்கம், விரைவான இதயத் துடிப்பு, உடல் வெப்பம் ஆகியவை தோன்றலாம். அறிகுறிக்காகக் காத்திராமல், மருந்து அட்டையுடன் உடனே கால்நடை மருத்துவரிடம் செல்லுங்கள். பாரசிட்டமால் பூனைகளுக்கும், சாக்லேட், திராட்சை, வெங்காயம் ஆகியவை நாய்களுக்கும் கேடு விளைவிக்கும்.

வெறிநாய்க்கடி நோய்த் தடுப்பு. நாய், பூனைகளுக்குக் கால்நடை மருத்துவர் கூறும் காலப்படி வெறிநோய்த் தடுப்பூசி தவறாமல் போட வேண்டும். கடியோ நகக்கீறலோ ஏற்பட்டால், காயத்தைச் சோப்பு போட்டு ஓடும் நீரில் 15 நிமிடங்கள் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் போன்றவற்றைத் தடவாதீர்கள். உடனே அரசு மருத்துவமனை அல்லது ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் செல்லுங்கள். கடித்தது வீட்டில் வளரும், தடுப்பூசி போடப்பட்ட விலங்காயினும் மருத்துவரின் அறிவுரை தேவை. அறிகுறிகள் தோன்றிய பின் இந்நோய் ஏறத்தாழ எப்போதும் உயிரைப் பறிக்கும். தடுப்பூசித் தவணைகளை நினைவில் வைத்து முடிப்பதில் உங்களுக்குச் சிரமம் இருப்பின், குடும்பத்தினர் ஒருவரிடம் அப்பொறுப்பை ஒப்படையுங்கள்.

கருவுற்ற பெண்கள் பூனையின் கழிவைக் கையாளுவதைத் தவிர்க்க வேண்டும். டாக்சோபிளாஸ்மா எனும் கிருமி அதன் வழியே பரவி, கருவில் உள்ள குழந்தையைப் பாதிக்கக்கூடும்.

சான்றிதழ்களும் சட்டமும்

அமெரிக்காவில்

படிப்பிற்காகவோ பணிக்காகவோ அமெரிக்காவில் வாழ்வோருக்கும், அங்குள்ள உறவினர் மூலம் இதைக் கேள்விப்பட்டோருக்கும் பின்வரும் தகவல்கள் பயன்படும்.

• அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் கீழ், பயிற்சி பெற்ற உதவி நாய்களுக்கே கடை, உணவகம் போன்ற பொது இடங்களில் நுழையும் உரிமை உண்டு. மன ஆதரவு விலங்குகளுக்கு அவ்வுரிமை இல்லை.
• வீட்டுவசதியில் நிலை வேறு. நியாய வீட்டுவசதிச் சட்டத்தின்படி, அன்றாட வாழ்வைக் கணிசமாகப் பாதிக்கும் இயலாமை உள்ளவர், விலங்குகளுக்குத் தடை உள்ள குடியிருப்பிலும் மன ஆதரவு விலங்கை வைத்துக்கொள்ள உரிய சலுகை கோரலாம். இச்சட்டம் பல்கலைக்கழக மாணவர் குடியிருப்புகளுக்கும் பொருந்தும் என்று 2013இல் நெப்ராஸ்கா மாநில வழக்கொன்றில் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது.
• 2021 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த விதிப்படி, மன ஆதரவு விலங்குகளைச் சிறப்பு வகையாக ஏற்க வேண்டிய கட்டாயம் விமான நிறுவனங்களுக்கு இல்லை. அவற்றைச் சாதாரண வளர்ப்பு விலங்குகளாகக் கருதிக் கட்டணம் வசூலிக்கலாம்.
• கலிபோர்னியாவில் 2022 ஜனவரி முதல், மன ஆதரவு நாய்க்குக் கடிதம் வழங்கும் முன், மருத்துவ வல்லுநர் குறைந்தது 30 நாள்கள் அந்நபருக்குச் சிகிச்சை அளித்து வந்திருக்க வேண்டும்.

அமெரிக்காவில் உதவி விலங்குகளுக்கான அரசுப் பதிவேடு எதுவும் இல்லை. இணையத்தில் பணம் பெற்றுக்கொண்டு வழங்கப்படும் 'பதிவுச் சான்று', அடையாள அட்டை, மேலங்கி ஆகியவற்றால் எந்தச் சட்ட உரிமையும் பிறப்பதில்லை.

இந்தியாவில்

இந்தியச் சட்டங்களில் 'மன ஆதரவு விலங்கு' என்ற தனி வகை இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 பட்டியலிடும் 21 வகை இயலாமைகளில் ஏ.டி.எச்.டி. தனியாக இடம்பெறவில்லை. எனவே மன ஆதரவு விலங்குச் சான்றிதழ் என்ற பெயரில் விற்கப்படும் எதற்கும் பணம் செலுத்தாதீர்கள்.

அதே வேளையில், விலங்கு வளர்க்கச் சான்றிதழ் தேவையில்லை என்பதையும் அறியுங்கள். இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல்களின்படி, குடியிருப்போர் நலச் சங்கங்கள் பெரும்பான்மை முடிவின் மூலமாகக்கூட வளர்ப்பு நாய்களுக்குத் தடை விதிக்க இயலாது. விலங்கால் பிறருக்குத் தொல்லை நேராமல் பார்த்துக்கொள்வது வளர்ப்பவரின் கடமை. சென்னை மாநகராட்சிப் பகுதியில் வளர்ப்பு நாய்க்கு உரிமம் பெற வேண்டும். அதற்கு வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று தேவை. பிற ஊர்களில் வாழ்வோர் தத்தம் உள்ளாட்சி அலுவலகத்தில் விதிகளைக் கேட்டறியலாம்.

குடும்பத்தினருக்கும் பராமரிப்பாளர்களுக்கும்

• விலங்கை வியப்புப் பரிசாக அளிக்காதீர்கள். பொறுப்பேற்பவரின் முழு விருப்பமும் ஆயத்தமும் இன்றியமையாதவை.
• பணிகளைப் பட்டியலிட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள். 'எல்லோரும் பார்த்துக்கொள்வோம்' என்ற ஏற்பாட்டில், பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் மீதே முழுச் சுமையும் விழுகிறது.
• ஒருநாள் தவறினால், 'ஒரு நாயைக்கூடப் பார்த்துக்கொள்ளத் தெரியவில்லையா?' என்று கடிந்துகொள்ளாதீர்கள். எந்த நினைவூட்டல் பயன்படவில்லை என்பதைச் சேர்ந்து ஆராய்ந்து, அதை மாற்றுங்கள்.
• விலங்கின் நலத்தையும் கவனியுங்கள். எடை குறைதல், உரோமம் சிக்குண்டு கிடத்தல், ஓயாது குரைத்தல், ஒளிந்துகொள்ளுதல் ஆகியவை பராமரிப்புக் குறைவின் அறிகுறிகளாக இருக்கலாம்.
• விலங்கு வந்த பிறகு மருந்தோ மருத்துவரைச் சந்திப்பதோ நின்றுவிடவில்லை என்பதை உறுதிசெய்யுங்கள்.

தொடர இயலாவிட்டால்

முயன்றும் பராமரிக்க இயலாத நிலை வரலாம். அதை மறைக்க வேண்டாம். முன்பே பேசி வைத்த மாற்றுப் பொறுப்பாளரிடமோ, காப்பகத்தின் துணையுடன் பொருத்தமான வேறு வீட்டிலோ விலங்கை ஒப்படைப்பது பொறுப்பான செயலே. தெருவில் விட்டுவிடுவது கூடாது. பசியாலோ தாகத்தாலோ துன்புறும் நிலையில் விலங்கைக் கைவிடுவது, 1960ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமாகும்.

விலங்கு இறந்துபோனால் ஏற்படும் துயரம் மெய்யானது. அன்றாட ஒழுங்கும் அதனுடன் சேர்ந்து குலையக்கூடும். அந்நாள்களில் உணவு, உறக்கம், மருந்து ஆகிய மூன்றின் நேரத்தையாவது மாறாமல் காத்துக்கொள்ளுங்கள். உடனே வேறு விலங்கைக் கொண்டுவர அவசரப்படாதீர்கள்.

எப்போது மருத்துவ உதவி பெற வேண்டும்?

பின்வரும் நிலைகளில் மனநல மருத்துவரை அணுகுங்கள்:

• ஏ.டி.எச்.டி. இருக்குமோ என்ற ஐயம் உங்கள் வேலையையோ உறவுகளையோ பாதித்துவந்தால்
• விலங்கைப் பராமரிக்கும் பொறுப்பால் உறக்கமின்மை, பதற்றம், சினம் ஆகியவை கூடினால்
• விலங்கு அருகில் இல்லாமல் வெளியே செல்லவோ பணியாற்றவோ இயலாத நிலை ஏற்பட்டால்
• இரண்டு வாரங்களுக்கு மேல் மனச்சோர்வு நீடித்தால்
• விலங்கின் மீதோ மற்றவர் மீதோ வன்முறையாக நடந்துகொள்ளும் உந்துதல் தோன்றினால்

தற்கொலை எண்ணம் தோன்றினால் சிறிதும் தாமதிக்காதீர்கள். 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் மனநல உதவிச் சேவையை எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். உயிருக்கு ஆபத்தான நிலையில் 108ஐ அழையுங்கள்.

நினைவில் கொள்ள வேண்டியவை

• விலங்கின் துணை ஆறுதலும் ஒழுங்கும் தரக்கூடும். மருந்தையும் மனநலச் சிகிச்சையையும் அதற்காக நிறுத்தக் கூடாது.
• 30 நாள் காத்திருப்பு, 4 வார ஒத்திகை, மாற்றுப் பொறுப்பாளர் ஆகிய மூன்றும் முடிந்த பின்னரே விலங்கை வீட்டிற்குக் கொண்டுவாருங்கள்.
• உங்கள் மாத்திரைகளை விலங்கிற்கு எட்டாதவாறு பூட்டி வையுங்கள்.
• இணையத்தில் விற்கப்படும் சான்றிதழ்களுக்குச் சட்ட மதிப்பு இல்லை.
• இப்போது வளர்க்க இயலாது என்று முடிவெடுப்பதும் நல்ல முடிவே. சிகிச்சையால் நிலை சீரான பின்னர் மீண்டும் எண்ணிப் பார்க்கலாம்.

இப்பக்கத்தில் உள்ளவை பொதுத் தகவல்கள் மட்டுமே. உங்கள் நிலைக்கேற்ற அறிவுரைக்கு மருத்துவரையும், விலங்கின் நலம் குறித்துக் கால்நடை மருத்துவரையும் அணுகுங்கள்.